மாத்தா "பாலெக்"னு சொன்னா நம்ம பசங்க பண்ற தப்புங்க

நம்ம மலேசியாவுல ராத்திரி பத்தரைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலஞ்சு பசங்க மோட்டார் சைக்கிள்ல சாஞ்சுகிட்டு புங்குஸ் தே (பொட்டலத்துல கட்டுன டீ) குடிச்சுகிட்டு இருப்பாங்க, மாத்தா கார், அதாவது போலீஸ் கார், மெதுவா வந்து நிக்கும், கண்ணாடி இறங்கும், "பாலெக், பாலெக்", வீட்டுக்குப் போங்கன்னு அர்த்தம். எஸ்டேட் தோட்டப் பக்கம் வளர்ந்தவன் எவனுக்கும் இது புதுசு இல்ல.

பயந்தவன் மோட்டார ஸ்டார்ட் பண்ணி பறப்பான். ரோஷக்காரன் "இது என்ன உங்கப்பன் ரோடா"ம்பான். ஓடறதுதான் பெரிய தப்பு, சும்மா நின்னவன் மேல சந்தேகம் வர வைக்கிறதே அந்த ஓட்டம்தான். எதிர்த்துப் பேசி, கையத் தட்டி விட்டா, மாத்தா வேலையத் தடுத்தன்னு தண்டனைச் சட்டம் 186ல போடுவாங்க, 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 10,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். தே குடிக்கப் போனதுக்கு இது தேவையா சொல்லுங்க.

அந்த "பாலெக்" சும்மா சொல்றதா, சட்டப்படி கலைஞ்சு போகச் சொல்ற உத்தரவா, இல்ல புடிக்கப் போறாங்களான்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். அமைதியா, "தூவான், சாயா டிதாங்காப் கா?" (சார், என்னைய கைது பண்றீங்களா?)ன்னு ஒரே கேள்வி. இல்லன்னா போலாமான்னு கேட்டுட்டு கிளம்பிடுங்க. ஆமான்னா என்ன காரணம்னு சொல்லணும், அது அரசியலமைப்புச் சட்டம் 5வது பிரிவுல இருக்கு, வக்கீல பாக்கற உரிமையும் அதுலயே இருக்கு, 24 மணி நேரத்துக்குள்ள மஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். யூனிஃபார்ம் இல்லாம வந்தா கார்டு காட்டச் சொல்லலாம், நீலம் இன்ஸ்பெக்டரும் அதுக்கு மேலயும், மஞ்சள் அதுக்குக் கீழ, வெள்ளை ரிசர்வ். சிவப்புக் கார்டுன்னா வேலையிலேர்ந்து சஸ்பெண்ட் ஆன ஆளு, அவர் சொல்லுக்கு நிக்க வேண்டியதில்ல.

இன்னொன்னு, யூடியூப்ல வெள்ளக்காரன் வீடியோ பாத்துட்டு அந்த ஊரு சட்டத்த இங்க பேசறது. இங்கிலாந்துல 2014ல வந்த சட்டத்துல, இன்ஸ்பெக்டர் அனுமதி குடுத்தா ஒருத்தர ஒரு இடத்துக்கு 48 மணி நேரம் வரக்கூடாதுன்னு போலீஸ் அனுப்பலாம். நம்ம ஊர்ல கணக்கு வேற. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ கூடி அமைதி கெடும்னு தோணி, கலைஞ்சு போங்கன்னு முறையா சொன்ன பிறகும் நின்னா தண்டனைச் சட்டம் 151வது பிரிவு இருக்கு. பேரணி, கூட்டம்னா 2012ல வந்த அமைதிப் பேரணிச் சட்டம். அதுல கல்யாணம், சாவு ஊர்வலம், கோயில் விசேஷம், பெருநாளுக்கு வைக்கிற திறந்த இல்ல உபசரிப்புக்கெல்லாம் முன்கூட்டி நோட்டிஸ் குடுக்கத் தேவையில்லன்னு எழுதியே இருக்கு, ஆனா அத நம்பி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உறுமிய ரோட்டு நடுவுல அடிச்சா அது வேற கேஸ் லா.

ஐசி (அடையாளக் கார்டு) விட்டுட்டு வர்றது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. நம்ம ஆளுங்கள்ல இன்னும் குடியுரிமை கெடைக்காம சிவப்பு ஐசி வச்சிருக்கறவங்களும், ஐசியே இல்லாதவங்களும் இருக்காங்க, அவங்கள "சும்மா வாடா"ன்னு கூட்டிட்டுப் போறவன் கொஞ்சம் யோசிக்கணும், ஏன்னா உனக்கு ஒரு அதட்டலோட முடியறது அவனுக்கு பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) போய் நிக்கும்.

பழைய தோட்டத்துப் பாடாங் (மைதானம்) விஷயம்தான் எனக்கு மனசுல உறுத்தறது. தாத்தா அங்க ரப்பர் மரம் வெட்டி பால் எடுத்தாரு, நாம அங்க பந்து ஒதச்சோம், அதனால நம்ம எடம்னு நெனைப்பு. பத்திரத்துல அது கம்பெனி எடம். கம்பெனி போகச் சொல்லி போகலன்னா அத்துமீறி நுழைஞ்சதுன்னு ரிப்போர்ட் போட முடியும், அங்க பொது ரோட்டு நியாயம் எல்லாம் எடுபடாது. பத்தொம்பது வயசுல நானும் அங்க நின்னு சத்தம் போட்டவன்தான், ஒரு ராத்திரி பூரா ஸ்டேஷன் பெஞ்சில உக்கார வச்சாங்க, காலையில அப்பா வந்து ஒரு வார்த்த பேசல. அவங்க தலைமுறைக்கு அது பழகிப்போச்சு. 1948ல இதே பேரா மாநிலத்துல சுங்கை சிப்புட்டுல தோட்டத்து தொரைங்க சுடப்பட்ட பிறகு அவசரகாலம் வந்து, 1960 வரைக்கும் ஊரடங்கும் சோதனையுமா இருந்ததப் பாத்த வீட்டுல வளர்ந்தவங்க, மாத்தா சொன்னா தலைய ஆட்டிட்டு நடக்கத்தான் தெரியும்.

கடைசியா போக்கா. குற்றத் தடுப்புச் சட்டம், 1959. இதுல ரோட்ல நிக்கற மாத்தா இல்ல, ஒரு வாரியம் முடிவு பண்ணி ஒருத்தர அஞ்சு வருஷம் வரைக்கும் கண்காணிப்புல வச்சு, இந்த ஊர்லதான் இருக்கணும், ராத்திரி வெளிய வரக்கூடாதுன்னு போட முடியும். நம்ம பசங்க "புவாங் டாயெரா" (ஊர விட்டு ஒதுக்கறது)ம்பாங்க. அப்படி இருக்கறவன அக்கா கல்யாணம், ஒரு நாள்தானேன்னு பக்கத்து ஊருக்கு மோட்டார்ல ஏத்திட்டுப் போறது நான் பாத்ததுலயே மோசமான தப்பு, மீறுனா ஜெயில், இழுத்துட்டுப் போன கூட்டாளி வெளிய இருப்பான். முன்ன அனுமதி கேட்டு எழுதிக் குடுத்தா கெடைக்கலாம், கேக்கவே மாட்டாங்க.

மாத்தா மேல புகார் இருந்தா அங்கயே சண்டைக்கு நிக்காம யூனிஃபார்ம்ல இருக்கற பேரு, நம்பர், கார் நம்பர், மணி எல்லாம் அன்னிக்கே எழுதி வச்சுக்கோங்க, 2023 ஜூலைலேர்ந்து போலீஸ் நடத்தைய விசாரிக்க தனி ஆணையம் ஒன்னு இருக்கு, அங்க குடுக்கலாம். லோக்காப்ல போட்டா ஒய்பிஜிகே (தேசிய சட்ட உதவி அறநிறுவனம்) வக்கீல கேளுங்க, காசு இல்லாதவங்களுக்கு இலவசம், அத வீட்ல அம்மாகிட்டயும் இப்பவே சொல்லி வைங்க, ஏன்னா அந்த நேரத்துல போன் உங்க கையில இருக்காது.