சாட்ஸ்வொர்த்தைச் சுற்றி ஒரு நடை: கார் இல்லாமல், நுழைவுச்சீட்டு இல்லாமல்

இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட் வாங்கி, அறை அறையாகப் பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த்தை அப்படிப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும் என்பது என் கருத்து. அங்கே மாளிகையைப் போலவே சுற்றியிருக்கும் நிலமும் திட்டம் போட்டுச் செய்யப்பட்டது. புல்வெளியின் சரிவு, குன்றின்மேல் மரங்கள் நிற்கும் இடம், ஏன், பக்கத்து ஊர் இருக்கும் இடம்கூட யாரோ ஒருவர் முடிவு செய்ததுதான். அது புரிய வேண்டுமானால் நடக்க வேண்டும். மாளிகைக்கும் தோட்டத்துக்கும்தான் கட்டணம். ஆற்றுக்கு மேற்கே விரிந்திருக்கும் பூங்கா நிலத்தில் யாரும் சும்மா நடக்கலாம்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது, அவரால் நடக்க முடிகிற தூரத்துக்காகத் தேடி அமைத்த வழி இது. சுமார் 7 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். பெரிய ஏற்றம் ஒன்றே ஒன்று.

கிளம்பும் முன்

ஷெஃபீல்டிலிருந்து பேக்வெல் போகும் 218ஆம் எண் பேருந்து சாட்ஸ்வொர்த் வழியாகப் போகிறது. திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் பார்த்து வையுங்கள்; மற்றதெல்லாம் அப்புறம்.

வரைபடம் என்றால் பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, எண் ஓஎல்24. அளவு 1:25,000, அதாவது வரைபடத்தில் 4 செ.மீ. தரையில் 1 கி.மீ. கூகுள் மேப்ஸை இதற்கு நம்பாதீர்கள், சாலைக்குத்தான் அது. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் செயலி நல்லது. வீட்டில் வைஃபை இருக்கும்போதே அந்தப் பகுதியைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனாலும் காகித வரைபடமும் பையில் இருக்கட்டும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

அந்த வரைபடத்தில் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் போதும். பச்சை நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடு பொதுவழி. நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சின்னச் சின்னக் கோடுகள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீளக் கோடுகள் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கறுப்பில் விட்டுவிட்டு வரும் கோடு, அங்கே ஒரு பாதை இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. நடக்கும் உரிமையைச் சொல்வதில்லை. வழிக்கம்பங்களில் மஞ்சள் அம்பு நடைவழி, நீல அம்பு குதிரைவழி.

காலணிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அடிப்பாகம் பிடிமானமாக இருந்தால் போதும். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. தலைமூடியுள்ள மழைக்கோட்டு எடுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை.

பாலத்திலிருந்து ஆற்றோரம்

பேருந்து மாளிகை அருகே இறக்கிவிடும். கீழே டெர்வென்ட் ஆற்றின்மேல் மூன்று வளைவுள்ள கல்பாலம் இருக்கிறது. 1760களில் ஜேம்ஸ் பெய்ன் கட்டியது. அதைத் தாண்டி இடப்பக்கம் புல்வெளியில் இறங்கி, ஆறு ஓடும் திசையிலேயே தெற்கே நடங்கள். ஆறு எப்போதும் இடக்கைப் பக்கம். வழி தவறவே முடியாது.

இங்கே அவசரப்படாமல் மரங்களைப் பாருங்கள். தனித்தனியாக நிற்கும் மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம் ஒரே உயரத்தில், அளவுகோல் வைத்து வெட்டினாற்போல் முடிந்திருக்கும். தோட்டக்காரர் வெட்டியதல்ல, மான்களும் ஆடுமாடுகளும் வாய் எட்டும் உயரம்வரை மேய்ந்துவிடுகின்றன. அதற்குக் கீழே பார்வை தடையில்லாமல் போகிறது. இயல்பாய் விரிந்ததுபோல் தோன்றும் இந்தப் பூங்காவை, மாளிகையின் உரிமையாளரான நான்காம் டெவன்ஷயர் டியூக் காலத்தில் வடிவமைத்தவர் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற நிலவடிவமைப்பாளர்.

அக்கரையில் மாளிகைக்குப் பக்கத்தில் நீரூற்று உயர்ந்தால் நின்று பாருங்கள். ரஷ்யப் பேரரசர் நிக்கலஸ் 1844இல் வருவார் என்று எதிர்பார்த்து, தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் அமைத்தது. பேரரசர் வரவில்லை. ஊற்று 90 மீட்டர்வரை பீய்ச்சியதாகப் பதிவு இருக்கிறது. பம்பு கிடையாது, மேலே குன்றில் வெட்டிய ஏரியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம்தான். 1851இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடிக் கண்காட்சி அரங்கை வடிவமைத்தவரும் இதே பாக்ஸ்டன்தான். நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று: 1830களில் அவர் இங்கே கண்ணாடி வீட்டில் வளர்த்த வாழைக்குத்தான் டியூக்கின் குடும்பப் பெயரான கேவண்டிஷ் வந்தது. நம் சந்தையில் ஜி9 என்று விற்கும் பழம் அந்த இனம்.

இடிந்த மாவரைக்கும் ஆலை ஒன்று வரும். அங்கிருந்து மேலேறினால் கார் நிறுத்துமிடம். சாலையைப் பார்த்துக் கடந்து, தோட்டக்கடையை ஒட்டிய சின்னச் சாலையில் கால்ட்டன் லீஸ் குக்கிராமத்துக்குப் போங்கள்.

கால்ட்டன் ஹவுஸசுக்கு மேலே: நிதானம் தேவைப்படும் இடம்

கால்ட்டன் லீஸிலிருந்து வழி ஏறிக்கொண்டே போய், கால்ட்டன் ஹவுஸஸ் என்ற சில கல்வீடுகளைத் தாண்டி மேய்ச்சல் நிலத்துக்குள் நுழையும். இங்கேதான் புதியவர்கள் திணறுகிறார்கள். தடம் தெளிவாக இருக்காது. ஆடு மேய்ந்த புல்லில் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே தெரியும். ஆடு போன ஒற்றையடித் தடங்கள் வேறு வழிபோலக் காட்டும்.

நேரே போனால் பேக்வெல் பக்கம் போய்விடும். நாம் வலப்பக்கம், வடகிழக்காக, நியூ பீஸ் வுட் என்ற தோப்பை நோக்கித் திரும்ப வேண்டும். வழிக்கம்பம் இருக்கிறது, ஆனால் கம்பத்தை மட்டும் நம்பாதீர்கள். வரைபடத்தைத் தரைக்கு இணையாகப் பிடித்து, அதன் மேல்விளிம்பு வடக்கைப் பார்க்கும்படி உடம்போடு திரும்புங்கள். இப்போது வரைபடத்தில் வலப்பக்கம் இருப்பது உங்களுக்கும் வலப்பக்கம் இருக்கும். 1:25,000 அளவில் ஒவ்வொரு வயல் சுவரும் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கும். கடைசியாக எந்தச் சுவரைத் தாண்டினோம், அடுத்து வரவேண்டியது சுவரா தோப்பா என்று பார்த்துக்கொண்டே போனால், இருக்கும் இடம் எப்போதும் கைக்குள் இருக்கும்.

தோப்பைக் கடந்து மறுபக்கம் வந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் திறக்கும். கிழக்கே மாளிகை, அதன் பின்னே காட்டுக்கு மேல் 16ஆம் நூற்றாண்டு வேட்டைக் கோபுரம். இறங்கும்போது குறி ஒன்றே: எடென்சோர் தேவாலயத்தின் கூர்முனைக் கோபுரம். (ஊர்க்காரர்கள் 'என்சர்' என்பார்கள்.) கடைசியில் படிக்கட்டு வழியாக ஊருக்குள் இறங்குவீர்கள். முட்டிவலி உள்ளவர்கள் பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக. அம்மா அப்படித்தான் இறங்கினார்.

எடென்சோர்

பழைய ஊரின் பெரும்பகுதியை 1830களின் கடைசியில் ஆறாம் டியூக் இடித்து, மேடான இந்த இடத்தில் புதிதாகக் கட்டினார். அதனால்தான் ஒரு வீடுபோல் இன்னொரு வீடு இல்லை. ஒன்றில் சுவிஸ் சாயல், இன்னொன்றில் இத்தாலியச் சாயல். சாலைக்கு அந்தப்புறம் மதிலுக்குள் தனியாக நிற்கும் வீடு பழைய ஊரில் மிஞ்சியது. ஒரு மாளிகையின் பார்வைக்காக ஊரே நகர்ந்ததை அந்த ஒற்றை வீட்டின் எதிரே நின்றால்தான் உணர முடிகிறது. தேவாலயத் தோட்டத்தில் பாக்ஸ்டனின் கல்லறையும், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை கேத்லீனின் கல்லறையும் உள்ளன. கென்னடி 1963 ஜூனில் இங்கே வந்து போனார்.

சாலையைக் கடந்து புல்வெளிப் பாதையில் நேரே நடந்தால் மறுபடி அதே பாலம்.

படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

குழந்தை வண்டியோடு இந்த வட்டம் சரிவராது, படிக்கட்டும் வயலும் இடிக்கும். பக்கத்து ஊரான பாஸ்லோவிலிருந்து மாளிகைக்கு வரும் வழியைப் பாருங்கள். அங்கே உள்ள வட்டக் கதவு சக்கர நாற்காலியே போகும்படி செய்தது.

கதவு மூடியிருந்தால் போனபின் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். நாய் எப்போதும் கயிற்றில். வழியில் மாடு நின்றால் விலகிச் சுற்றிப் போங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகவே கூடாது. மாடு துரத்தினால் மட்டும் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும், மாட்டின் கோபம் பெரும்பாலும் அதன்மேல்தான்.