பழைய கசற் செற்றை வீட்டிலேயே திருத்தலாம்

விசுவமடுவில் எங்கள் அலுமாரிக்கு மேலே இருக்கும் இரட்டைக் கசற் செற் மாமாவுடையது. சண்டைக் காலத்தில் அது வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் கிடந்ததால் தப்பியது. மீளக் குடியேறிப் பல வருடங்களுக்குப் பிறகு கொண்டுவந்து பிளக்கைச் செருகினேன். விளக்கு எரிந்தது, றேடியோ பாடியது, கசற் மட்டும் ஓடவில்லை. உள்ளே ஒரு கசற் வேறு மாட்டிக்கொண்டு கதவு திறக்கவில்லை. திருத்தக் கொடுத்த இடத்தில், "இதுக்கெல்லாம் இப்ப சாமான் இல்லைத் தம்பி, எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ" என்றார்கள். நானே திறந்து பார்த்தேன். மோட்டரின் சுற்றைச் சில்லுகளுக்குக் கடத்தும் றப்பர் வளையமான பெல்ற் உருகியிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊரில் ஏழெட்டுச் செற்றுகள் திறந்திருக்கிறேன். பெரும்பாலும் சேர்க்கிட் நன்றாகவே இருக்கும், செத்திருப்பது றப்பர்தான். அதனால் ஈயம் ஒட்டத் தெரியாதவர்களும் துணிந்து இறங்கலாம்.

திறக்க முதல் காது கொடுங்கள்

பிளே பட்டனை அமத்துங்கள். மோட்டர் இரைகிறது, ஆனால் கசற்றைச் சுற்றும் பற்சக்கரம் அசையவில்லை என்றால் பெல்ற் போய்விட்டது. இரைச்சலே இல்லையென்றால் கரண்ட் மோட்டருக்கு வரவில்லை, அல்லது மோட்டரே செத்திருக்கலாம். அது வேறு வேலை, தெரிந்தவரிடம் கொடுங்கள். பாட்டு இழுபட்டு ஓடினால் பெல்ற் தளர்ந்திருக்கிறது. நாடாவைத் தின்கிறது என்றால் நாடாவைச் சுருட்டி எடுக்கும் பக்கம் சுற்றவில்லை. ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க, மற்றப் பக்கம் வாங்க ஆளில்லை. பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால், நாடாவிலிருந்து பாட்டை எடுக்கும் ஹெட்டில் அழுக்கு.

திறப்பது

சுவிச்சை நிற்பாட்டினால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றி அரை மணித்தியாலம் விடுங்கள், கப்பாசிற்றருக்குள் கரண்ட் தங்கியிருக்கும். பிளக் வயர் வந்து சேரும் ட்ரான்ஸ்போமர் பக்கம் 230 வோல்ற். அங்கே உங்களுக்கு வேலையில்லை.

மூடியைக் கழற்றினால் எங்கள் பக்கத்துச் செற்றுகளில் முதலில் வருவது செம்புழுதி, பல்லி முட்டை, சிலவேளை குளவி கட்டிய மண்கூடு. பெயின்ற் பிறஷால் தட்டி எடுங்கள். பிறகு ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுங்கள். ஸ்குறூக்கள் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும், நீளம் வேறு. பிழையான இடத்தில் நீளமானதை முறுக்கினால் முன்பக்கப் பிளாஸ்ரிக் வெடிக்கும். கசற் ஓடும் பகுதி தனித் துண்டாக ஸ்குறூக்களால் முன்பக்கத்தில் பிடித்திருக்கும். அதை வெளியே எடுக்கும்போது பின்னால் வரும் வயர்களை இழுக்க வேண்டாம்.

கசற் உள்ளே மாட்டியிருந்தால் இப்போது பின்னாலிருக்கும் பெரிய சில்லை, அதாவது பிளைவீலை, விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். சிக்கிய நாடா தளரும். சாவணத்தால் ஒவ்வொரு மடிப்பாக விடுவியுங்கள். பட்டனைப் பலவந்தமாக அமத்தினால் நாடா அறுந்துவிடும்.

கறுப்புத் தார்

பழைய பெல்ற் உருகினால் தார் மாதிரி ஆகிவிடும். கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, மேசையில் பட்டால் அம்மாவின் ஏச்சும் போகாது. பழைய பேப்பர் விரியுங்கள். பாமசியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் என்று கேட்டு வாங்குங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். பெரிய கட்டிகளை ஈர்க்கினால் சுரண்டுங்கள், மிச்சத்தை அந்த அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மோட்டரின் சின்னக் கப்பியில் ஒரு துளி தார் மிஞ்சினாலும் பாட்டு நடுங்கும். இந்த வேலை எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. அவசரப்பட்டால் திரும்பவும் கழற்ற வேண்டிவரும்.

புதிய பெல்ற்றுக்கு அளவு

பலர் பிழைவிடும் இடம் இதுதான். பழையது முழுசாகக் கிடந்தால் அதன் சுற்றளவை அளக்கலாம், ஆனால் அது இழுபட்டிருக்கும். உருகிப் போயிருந்தால் தையல் நூலை எடுத்து, பெல்ற் ஓடும் வழியே கப்பியையும் சில்லையும் சுற்றிக் கட்டி, கழற்றி அடிமட்டத்தில் வையுங்கள். வரும் நீளத்தில் 5 வீதம் குறைத்து வாங்குங்கள். நூல் 24 சென்ரிமீற்றர் என்றால் பெல்ற் ஏறத்தாழ 22.8. மிகவும் இறுக்கமாகப் போட்டால் மோட்டரின் அச்சு தேயும். தட்டை பெல்ற்றா சதுர பெல்ற்றா என்பதையும் பாருங்கள், பல செற்றுகளில் இரண்டுமே இருக்கும். கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். இணையத்தில் பல அளவுகள் கலந்த பொதியாகவும் விற்கிறார்கள், எனக்கு அதுதான் வசதி.

றப்பர் பாண்ட் போடாதீர்கள். சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டியும் போட்டுப் பார்த்தேன். பின்னுக்குச் சுற்ற உதவியது, பாட்டு மட்டும் கள்ளுக் குடித்தவர் பாடியதுபோல இருந்தது.

துடைப்பும் எண்ணெயும்

நாடா தொடும் மூன்று இடங்கள்: ஹெட், கப்ஸ்ரன் என்ற மெல்லிய இரும்புத் தண்டு, அதோடு நாடாவை அமத்திப் பிடிக்கும் றப்பர் உருளை. பஞ்சில் மண்ணிறம் வராமல் போகும்வரை துடையுங்கள். றப்பர் உருளைக்கு அல்ககோல் கொஞ்சமாகப் போதும், கூடினால் காய்ந்துவிடும். உருளை கண்ணாடிபோலப் பளபளத்தால் மெல்லிய மண்தாளால் லேசாகத் தேயுங்கள், சில மாதம் தாக்குப்பிடிக்கும். கப்ஸ்ரன் சுற்றும் குழியில் ஊசிமுனையால் ஒரே ஒரு துளி தையல் மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப்போகும், அதை விட்டுவிடுங்கள்.

வேகம்

தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் பாடகருக்கும் களைக்கும். அப்போது வேகத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

கசற் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். அதை அளக்கக் கருவி தேவையில்லை. போனிலும் கசற்றிலும் இருக்கும் ஒரே பாட்டை எடுங்கள். போனில் 5 நிமிடம் ஓடுவது செற்றில் 3 விநாடி பிந்தி முடிந்தால் 1 வீதம் மெதுவாக ஓடுகிறது. அதுவரை பரவாயில்லை. அதற்கு மேலென்றால், பல மோட்டர்களின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே இருக்கும் திருகியை மயிரிழை அளவு திருப்புங்கள். முதலில் பழைய நிலையைப் பேனாவால் குறித்துவிடுங்கள். இதற்குச் செற்றைக் கரண்டில் ஓடவிட வேண்டும் என்பதால் பிளாஸ்ரிக் பிடி முழுசாக உள்ள சின்ன ஸ்குறூ டிறைவரோடு, மற்றக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிறிங்கோடு இருக்கும் ஸ்குறூவைத் தொடாதீர்கள். துடைத்த பிறகும் தாளச் சத்தம் மந்தமாக இருந்தால் மட்டும், பாட்டைக் கேட்டபடி கால் சுற்றுக்குள் முன்பின் திருப்பிப் பார்க்கலாம்.

கசற்றையும் பாருங்கள்

முதலில் போடுவது இழந்தாலும் கவலையில்லாத ஒரு கசற்றாக இருக்கட்டும். அது ஒரு பக்கம் முழுக்க ஒழுங்காக ஓடிய பிறகே நல்லது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே கூடாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் போகும். கசற்றின் நடுவில் செப்புத் தகட்டில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும், நாடாவை ஹெட்டோடு அமத்துவது அதுதான். விழுந்திருந்தால் வேறொரு கசற்றிலிருந்து கழற்றி மாற்றுங்கள்.

எங்கள் செற்றுக்குள் மாட்டியிருந்த கசற்றில் அது விழுந்துதான் கிடந்தது. மாற்றி, முன்னும் பின்னும் ஒருதரம் சுற்றி, ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுத்து மடிக்கணினியில் பதியப் போட்டுவிட்டுப் பிளே அமத்தினேன். கொஞ்ச நேரம் கோழிச் சத்தம். பிறகு அம்மம்மா யாரையோ கேட்கிறா, "இது ஓடுதோ மோனை?"