நூலில் எண் எழுதலாம்: இன்காக்களின் கிப்பு கட்டப் பழகுவோம்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் பல்லாயிரம் கிராமங்களை ஆண்ட இன்காக்களிடம் எழுதுகோலும் ஏடும் இல்லை. எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை, எந்த ஊரில் எத்தனை குடும்பம், யார் இன்னும் வேலைக்கு வரவேண்டும் என்ற கணக்கெல்லாம் நூல் முடிச்சில் இருந்தது. அந்த நூல்தொகுதிக்குக் கிப்பு என்று பெயர். அவர்களுடைய கெச்சுவா மொழியில் அதற்கு முடிச்சு என்றே பொருள். அதைக் கட்டவும் படிக்கவும் தெரிந்த அதிகாரி கிப்புகமாயுக்.

கிப்புவைச் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாகச் செய்துகாட்டும் விளக்கங்கள் நிறைய உண்டு. இங்கே நாம் செய்யப்போவது அதுவல்ல. மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும், இன்னொருவர் கையில் கொடுத்தால் பிழையில்லாமல் படிக்கும்படி, இன்கா முறைப்படி நூலில் எழுதப்போகிறோம்.

முறையைப் புரிந்துகொள்ளுங்கள்

தடித்த கயிறு ஒன்று கிடையாக இருக்கும். அதைத் தாய்க்கயிறு என்போம். அதிலிருந்து கீழே தொங்குபவை தொங்குநூல்கள். ஒரு தொங்குநூலிலிருந்தே கிளைக்கும் நூல் கிளைநூல். தாய்க்கயிற்றிலிருந்து எதிர்த்திசையில், மேல்நோக்கிப் போவது மேல்நூல். சில நூல்களே உள்ள கிப்புவும் உண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ள கிப்புவும் உண்டு.

எண்முறை நம்முடைய பத்தடிமான முறைதான். நூலின் கீழ்ப்பகுதி ஒன்றின் இடம், அதற்கு மேலே பத்தின் இடம், அதற்கும் மேலே நூறின் இடம். பழைய தமிழ் எண்முறையில் 231ஐ ௨௱௩௰௧ என்று, நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறி போட்டு எழுதுவோம். கிப்புவில் அப்படித் தனிக்குறி இல்லை. முடிச்சு நிற்கும் உயரமே அதன் மதிப்பு. சுழியத்துக்கும் குறி கிடையாது, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

முடிச்சு மூன்று வகை.

ஒற்றை முடிச்சு: சாதாரணமாக நூல் நுனியில் போடும் முடிச்சுதான். பத்து, நூறு, ஆயிரம் ஆகிய இடங்களில் மட்டும் வரும். முப்பது என்றால் பத்தின் இடத்தில் மூன்று ஒற்றை முடிச்சு, ஒட்டி ஒட்டி.

சுற்று முடிச்சு: ஒன்றின் இடத்தில் மட்டும் வரும். 2 முதல் 9 வரை எந்த இலக்கமோ அத்தனை சுற்று உள்ள ஒரே முடிச்சு.

எட்டு முடிச்சு: ஒன்றின் இடத்தில் 1 வந்தால் மட்டும். ஒரே ஒரு சுற்றுள்ள சுற்று முடிச்சு போட்டால் அது ஒற்றை முடிச்சாகவே ஆகிவிடும், பத்தா ஒன்றா என்று தெரியாது. அதனால்தான் 1க்கு மட்டும் தனி முடிச்சு.

ஒன்றின் இடத்துக்கு மட்டும் வேறு வடிவம் வைத்ததுதான் இந்த முறையின் உயிர்நாடி. சுற்று முடிச்சையோ எட்டு முடிச்சையோ கண்டால் எண் அங்கே முடிகிறது என்று விரலே சொல்லிவிடும். ஒரே நூலில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்களைக் கட்டினாலும் குழப்பம் வராது. இந்தப் பத்தடிமான வாசிப்பை 1912இல் வெளியான கட்டுரையில் நிறுவியவர் லேலண்ட் லாக் என்ற ஆய்வாளர். தொங்குநூல்களின் எண்களைக் கூட்டினால் மேல்நூலின் எண் வருகிறது என்று காட்டினார். அப்படிச் சரிபார்க்க வழியிருந்ததால்தான் அவருடைய வாசிப்பு வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை.

வேண்டிய பொருள்கள்

1 மி.மீ. பருத்தி நூல், முறுக்குள்ளது, வெள்ளை, இளம்பழுப்பு, கரும்பழுப்பு என மூன்று நிறத்தில் தலா 5 மீட்டர். 6 மி.மீ. பருத்திக் கயிறு 50 செ.மீ. பென்சில், அளவுகோல், கோணி ஊசி, 25 கூழாங்கல்.

நைலானும் பாலியெஸ்டரும் வேண்டாம். முடிச்சு வழுக்கும், சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், மறுநாள் பார்த்தால் தளர்ந்திருக்கும். இன்காக்களின் கிப்புகள் பெரும்பாலும் பருத்தியில் ஆனவை. சிலவற்றில் லாமா, அல்பாக்கா போன்ற விலங்குகளின் மயிரும் உண்டு. பெருவின் பருத்தி செடியிலேயே வெள்ளையிலிருந்து கரும்பழுப்பு வரை பல நிறங்களில் விளைவது. மேலே சொன்ன மூன்று நிறமும் அதனால்தான்.

படி 1: கணக்கை முதலில் கல்லில் முடியுங்கள்

கிப்பு கணக்குப் போடும் கருவி அல்ல, முடிந்த கணக்கைப் பதியும் ஏடு. ஆண்டிஸ் நாட்டுக்காரரான குவாமன் போமா 1615 வாக்கில் வரைந்த படத்தில் கிப்புகமாயுக் கிப்புவை விரித்துப் பிடித்திருக்கிறார். அவர் காலடியில் கட்டம் போட்ட பலகை ஒன்றும் இருக்கிறது. கட்டங்களில் காய் வைத்துக் கூட்டும் பலகை அது, பெயர் யுப்பானா.

பெருவின் தென்கடற்கரையில் உள்ள இன்காவாசிக் கிடங்குகளில் நிலக்கடலை, மிளகாய், பீன்ஸ் ஆகியவற்றோடு கிப்புகள் கிடைத்தன. நம் பயிற்சிக்கும் அதே பொருள்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் மட்டும் பயிற்சிக்காக வைத்தவை: கடலை 231, மிளகாய் 104, பீன்ஸ் 56.

தரையில் மூன்று கட்டம் கீறி, நூறு, பத்து, ஒன்று என்று பிரித்துக் கல்லை வையுங்கள். ஒன்றில் 1+4+6, அதாவது 11 கல் சேரும். பத்தை எடுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு கல் போடுங்கள். பத்தில் 3+0+5+1, ஒன்பது கல். நூறில் 2+1, மூன்று. மொத்தம் 391. இந்த நான்கு எண்களில் எட்டு முடிச்சு, சுற்று முடிச்சு, நடுவில் சுழியம், முன்னால் வெற்றிடம் எல்லாமே வந்துவிடும்.

படி 2: கயிறு திரியுங்கள்

தொங்குநூலைக் கடையில் வாங்கியபடியே கட்டக் கூடாது. மடித்துத் திரித்த நூலுக்குத் தலையில் இயல்பாகவே ஒரு கண்ணி கிடைக்கும். தாய்க்கயிற்றில் மாட்ட அந்தக் கண்ணி வேண்டும்.

1.6 மீட்டர் நூலை வெட்டுங்கள். ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் கட்டி, மறுமுனையைப் பென்சிலில் கட்டி, நூலின் முறுக்கு இறுகும் திசையில் பென்சிலைச் சுழற்றுங்கள். தளர்த்தினால் நூல் தானாகச் சுருண்டு கொக்கிபோல் எழ வேண்டும், அதுவரை சுழற்றுங்கள். பிறகு நடுவில் பிடித்து, இழுவிசையை விடாமல் இரண்டாக மடியுங்கள். மடிப்பில் இன்னொரு பென்சிலைச் செருகிக்கொண்டு, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மெல்லத் தளர்த்தினால் இரண்டு புரியும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். மடிப்பில் 2 செ.மீ. கண்ணி நிற்கும். கீழ் நுனியில் சிறு முடிச்சு போடுங்கள். இது பிரியாமல் இருப்பதற்கான முடிச்சு, எண்ணில் சேராது.

கையில் இருப்பது இப்போது சுமார் 65 செ.மீ. நீளமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நூல். வெள்ளையில் ஒன்று, இளம்பழுப்பில் ஒன்று, கரும்பழுப்பில் ஒன்று செய்யுங்கள். மேல்நூலில் முடிச்சு அதிகம், அதற்கு வெள்ளையில் 1.8 மீட்டர் எடுங்கள்.

முறுக்கு குறைந்தால் புரிகள் பிரிந்து, சுற்று முடிச்சில் எது சுற்று எது புரி என்றே தெரியாமல் போகும். புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். முறுக்கு கூடினால் நூல் நெளியும். நனைத்து, நுனியில் எடை தொங்கவிட்டு ஓர் இரவு காயவைத்தால் நேராகும்.

படி 3: தாய்க்கயிற்றில் மாட்டுங்கள்

தாய்க்கயிற்றின் இரு முனையிலும் முடிச்சிட்டு, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டுங்கள். தொங்குநூலின் கண்ணியைத் தாய்க்கயிற்றுக்குப் பின்னால் வைத்து, நூலின் நுனியைக் கயிற்றுக்கு முன்புறமாகக் கொண்டுவந்து, கண்ணிக்குள் விட்டுக் கீழே இழுங்கள். மூன்று நூலையும் ஒரே பக்கமாகவே மாட்டுங்கள். எந்தப் பக்கமாக மாட்டியிருக்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் ஒரு தகவலாகக் குறித்துவைக்கிறார்கள்.

நூல்களுக்கு நடுவே 1 செ.மீ. விடுங்கள். மேல்நூலை அவற்றுக்குப் பக்கத்தில் அதேபோல் மாட்டி, மேல்நோக்கி இழுங்கள். பழைய கிப்புகள் சிலவற்றில் மேல்நூல் அந்தத் தொகுதியின் தலைக்கண்ணிகள் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போகிறது. முதல் முயற்சிக்கு அது தேவையில்லை.

படி 4: முடிச்சிடுங்கள்

தாய்க்கயிற்றிலிருந்து அளந்து, நூறின் இடம் 5 செ.மீ.யிலும் பத்தின் இடம் 14 செ.மீ.யிலும் ஒன்றின் இடம் 23 செ.மீ.யிலும் தொடங்கும். ஓர் அட்டையில் இந்த மூன்று கோட்டையும் வரைந்து நூல்களுக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள்.

மேலிருந்து கீழாகத்தான் கட்ட வேண்டும். 2 மி.மீ. நூலில் ஒரு ஒற்றை முடிச்சு ஏறக்குறைய 2 செ.மீ. நூலை விழுங்கும். ஒன்றின் இடத்தை முதலில் கட்டினால், மேலே முடிச்சிட முடிச்சிட அது கோட்டைவிட்டு மேலேறிக்கொண்டே போகும்.

231, வெள்ளை: 5 செ.மீ.யில் இரண்டு ஒற்றை முடிச்சு, ஒன்றையொன்று தொடும்படி. 14 செ.மீ.யில் மூன்று. இறுக்குவதற்கு முன் முடிச்சுக்குள் கோணி ஊசியைச் செருகி, கோடு வரை நகர்த்திவிட்டு ஊசியை உருவுங்கள். 23 செ.மீ.யில் எட்டு முடிச்சு: நுனியை நூலின் மேலாகக் குறுக்கே கொண்டுபோய், நூலின் பின்புறம் சுற்றி, முன்பக்கமாக வந்து முதல் வளையத்துக்குள் விடுங்கள். இறுக்குவதற்கு முன் 8 வடிவம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்புறம் சுற்ற மறந்தால் கிடைப்பது ஒற்றை முடிச்சு.

104, இளம்பழுப்பு: 5 செ.மீ.யில் ஓர் ஒற்றை முடிச்சு. பத்தின் இடம் வெறுமை. 23 செ.மீ.யில் நான்கு சுற்று. ஒற்றை முடிச்சுக்கான வளையம் போட்டு, நுனியை உள்ளே விடுங்கள், இறுக்காதீர்கள். அதே வளையத்துக்குள், அதே திசையில் இன்னும் மூன்று முறை விடுங்கள். மொத்தம் எத்தனை முறை நுழைந்ததோ அதுதான் எண். நூலை லேசாக நனைத்து, இரு பக்கமும் மெதுவாக, எதிரெதிர்த் திசையில் சிறிது உருட்டியபடி இழுங்கள். சுற்றுகள் சுருள்போல் பக்கத்தில் பக்கத்தில் அமரும். வெடுக்கென்று இழுத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், பிறகு நான்கா ஐந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஆனால் ஊசியால் பிரித்து மறுபடி கட்டுங்கள், விட்டுவிடாதீர்கள்.

56, கரும்பழுப்பு: நூறின் இடம் வெறுமை, பத்தில் ஐந்து ஒற்றை முடிச்சு, ஒன்றில் ஆறு சுற்று.

391, மேல்நூல்: தாய்க்கயிற்றைத் திருப்பிப் பிடித்து, அதே அளவுகளில் மூன்று ஒற்றை, ஒன்பது ஒற்றை, ஓர் எட்டு முடிச்சு. ஒன்பது முடிச்சும் நெருக்கமாக இருந்தால்தான் 14க்கும் 23க்கும் நடுவில் அடங்கும். ஒரே கைப்பழக்கத்தில், ஒரே திசையில் போட்டால் அழகாக ஒட்டி நிற்கும்.

படி 5: கிளைநூல்

104 மிளகாயில் 30 ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு நூல் திரித்து, இளம்பழுப்பு நூலில் தாய்க்கயிற்றுக்கு 2 செ.மீ. கீழே அதே கண்ணி முறையில் மாட்டி இறுக்குங்கள். தாய்க்கயிற்றிலிருந்து 14 செ.மீ.யில் மூன்று ஒற்றை முடிச்சு. அளவைக் கிளைநூல் தொடங்கும் இடத்திலிருந்து எடுக்கக் கூடாது.

இதை யாராவது 3 என்று படிப்பார்களா? மாட்டார்கள், 3 என்றால் சுற்று முடிச்சு வந்திருக்கும். 300 என்று படிக்க வாய்ப்புண்டு, முடிச்சுகள் 9 செ.மீ.க்கு ஏறிப்போயிருந்தால். அந்த ஆபத்துக்குத்தான் எல்லா நூல்களிலும் இடங்கள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துவது.

படி 6: படித்துச் சரிபாருங்கள்

கட்டியவரே படித்தால் நினைவிலிருந்து படிப்பார். வேறொருவரிடம் கொடுங்கள். அவர் முதலில் சுற்று முடிச்சுகளையும் எட்டு முடிச்சுகளையும் தேடி ஒன்றின் வரிசையைப் பிடிக்கட்டும், அதிலிருந்து மேலே பத்து, நூறு. சுற்றுகளை எண்ணும்போது முடிச்சை விரலால் உருட்டி எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும். கடைசியில் மூன்றையும் கூட்டி மேல்நூலோடு ஒப்பிடட்டும். ஒன்று வேறுபட்டால் எட்டு முடிச்சைப் பாருங்கள், பத்து வேறுபட்டால் அந்த ஒன்பது முடிச்சை எண்ணுங்கள்.

இந்தத் துல்லியம் நீதிமன்றத்திலும் நின்றது. பெருவின் ஹவுஹா பள்ளத்தாக்கில் வாழ்ந்த வாங்கா இனத் தலைவர்கள், ஸ்பானியர் வந்ததிலிருந்து தாங்கள் கொடுத்ததையும் அவர்கள் கொள்ளையடித்ததையும் கிப்புவில் பதிந்து வைத்திருந்தார்கள். 1558–1561 காலத்தில் லிமா நீதிமன்றத்தில் அதைப் படித்துக் கணக்குச் சொன்னார்கள். 1583இல் அதே லிமாவில் கூடிய திருச்சபைப் பேரவை கிப்புகளை அழிக்க ஆணையிட்டது. இன்று உலக அருங்காட்சியகங்களில் எஞ்சியிருப்பவை ஆயிரத்துக்குச் சற்று மேல்.

அடுத்த பயிற்சி

இதேபோல் இன்னும் இரண்டு கிப்பு கட்டுங்கள். பிறகு மூன்றின் மொத்தங்களையும் தொங்குநூல்களாக வைத்து நான்காவது ஒன்று. லிமாவுக்கு அருகே புருச்சூக்கோவில் ஒரு வீட்டுத் தரைக்கடியில் கிடைத்த கிப்புகளில் இந்த அமைப்பே இருப்பதாக ஆய்வாளர்கள் கேரி அர்ட்டனும் கேரி பிரெசினும் 2005இல் காட்டினார்கள். கீழ்நிலைக் கிப்புகளின் கூட்டுத்தொகை மேல்நிலைக் கிப்புவில் ஏறுகிறது. பத்து, நூறு, ஆயிரம் எனக் குடும்பங்களைத் தொகுத்து ஆண்ட நாட்டில் ஊர்க்கணக்கு தலைநகருக்குப் போக அதுவே வழி.

நூலில் உங்கள் பெயரை எழுத முயல வேண்டாம். முடிச்சுகள் இந்த எண்முறைக்கு அடங்காத கிப்புகளும் உண்டு, அவற்றை இன்னும் யாரும் முழுமையாகப் படிக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து முடிச்சு என்று இணையத்தில் சுற்றும் அட்டவணைகள் இன்காக்களுடையவை அல்ல.

எடுத்துவைக்கும்போது தொங்குநூல்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, தாய்க்கயிற்றை அவற்றைச் சுற்றிச் சுருட்டுங்கள். மடித்து அழுத்தி வைத்தால் சுற்று முடிச்சுகள் நசுங்கி, அடுத்த முறை எண்ணுவது கடினமாகும்.