டிசம்பர் 4ஐ நம்பி ரயில் ஏறாதீர்கள்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் பூரிப்போடு வந்து நின்றார். “அண்ணா, கடற்படை நாளுக்கு வைசாக் (விசாகப்பட்டினம்) போறோம். டிசம்பர் 4ஆம் தேதி காலையில இறங்குற மாதிரி டிக்கெட் போடப் போறேன். கப்பல்ல ஏறிப் பார்த்துட்டு, சாயந்திரம் பீச்சுல ஷோ.”

“ஷோ அன்னைக்குத்தான்னு யார் சொன்னா?”

“கடற்படை நாள்னா டிசம்பர் 4தானே அண்ணா?”

இதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் இதே நம்பிக்கையோடு சொன்னவன்தான். அதற்குக் கொடுத்த விலை இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் அங்கே போகிறவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, ஆதார் அட்டை பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நாளும் விழாவும் ஒன்று என்று நினைப்பது

டிசம்பர் 4 என்ற தேதி மாறாது. 1971 போரில் அன்று இரவு நம் ஏவுகணைப் படகுகளான நிபட், நிர்காட், வீர் மூன்றும் கராச்சிக்கு வெளியே போய்த் தாக்கிவிட்டுத் திரும்பின. பாகிஸ்தானின் கைபர் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. ‘ஆபரேஷன் டிரைடென்ட்’ என்று பெயர். அந்த நினைவுக்குத்தான் கடற்படை நாள். வைசாக்குக்கு அதே போரில் தனிக்கதை உண்டு. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியது இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான்.

ஆனால் கடற்கரையில் ஹெலிகாப்டர் பறந்து, கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்கள் கரையில் இறங்கி, வெடி வெடித்துக் காட்டும் செயல்விளக்கம் இருக்கிறதே, அதற்கும் தேதிக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. 2022ல் முதன்மை விழா வைசாக்கிலேயே நடந்தது, குடியரசுத் தலைவர் வந்திருந்தார், தேதியும் சரியாக டிசம்பர் 4. நான் போயிருந்தேன். என் மூளையில் ஆணி அடித்தது அதுதான். அடுத்த ஆண்டு முதன்மை விழா மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்குக்குப் போனது. 2024ல் ஒடிசாவின் பூரி. 2025ல் திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரை, அதுவும் டிசம்பர் 3.

2024ல் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்தாயிற்று. அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், மச்சான், நான். பள்ளியில் பொய்க் காய்ச்சலுக்கு லீவு லெட்டர் வேறு. ராத்திரி முழுக்க ரயிலில் சின்னவன் தூங்கவே இல்லை; ஜெட் எத்தனை வரும், எத்தனை வரும் என்று ஒரே கேள்வி. மாலை நான்கு மணிக்கு வைசாக்கின் ஆர்.கே. பீச்சில் போய் நின்றோம். மேடை இல்லை, கயிறு கட்டவில்லை, ஒலிபெருக்கி இல்லை. பலூன் சுடுகிறவரும் சோளம் சுடுகிறவரும் நாங்களும். கடல் தன் பாட்டுக்கு இருந்தது. பெரியவன் போனில் தேடிப் பார்த்து, “மாமா, பூரியிலயாம்” என்றான். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வைசாக் ஷோ 2025 ஜனவரி 4ஆம் தேதி நடந்தது. ஒரு மாதம் கழித்து! அதை வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தோம்.

இப்போது என் பழக்கம் இது: மலரஞ்சலி, செயல்விளக்கம், கப்பல் பார்வை மூன்றையும் தனித்தனி விழாக்களாகவே எண்ணுகிறேன். மலரஞ்சலி போர் நினைவுச்சின்னத்தில் டிசம்பர் 4 அன்று நடக்கும். செயல்விளக்கத் தேதியைக் கடற்படை அறிவித்த பிறகுதான் டிக்கெட். கப்பல் பார்வை முற்றிலும் வேறு நாளாக இருக்கலாம்; பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள், பொதுமக்களுக்கு ஒரு நாள் என்றுகூடப் பிரிப்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும் போஸ்டரில் மாதத்தைப் பார்க்கும் முன் ஆண்டைப் பாருங்கள். பழைய போஸ்டர்கள் ஆண்டுதோறும் உயிர்த்தெழும்.

இன்னொன்று. முழு ஒத்திகை என்று ஒன்று ஓரிரு நாள் முன்னால் அதே கடற்கரையில் நடக்கும். அநேகமாக அதே ஷோதான், முக்கியப் பிரமுகர்கள் இல்லை, கூட்டம் குறைவு. ஒத்திகை என்பதால் எதுவும் நடக்கலாம். 2025 ஜனவரி ஒத்திகையில் இரண்டு வீரர்களின் பாராசூட்கள் ஒன்றோடொன்று சிக்கி, அவர்கள் கடலில் விழுந்தார்கள். படகில் போய் மீட்டார்கள். இருந்தாலும், எனக்கு ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் ஒத்திகை நாளைத்தான் எடுப்பேன்.

குர்சுராவை அப்புறம் பார்க்கலாம் என்று விடுவது

1969ல் சேவையில் சேர்ந்து 2001ல் ஓய்வுபெற்ற நீர்மூழ்கிக் கப்பலான ஐஎன்எஸ் குர்சுரா கடற்கரையிலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. ஷோ முடிந்து அந்தக் கூட்டத்தோடு உள்ளே போகாதீர்கள். 91 மீட்டர் நீளக் குழாய்க்குள் பெட்டி பெட்டியாகக் குனிந்து, வட்டத் துளைகளில் காலை முதலில் விட்டு நுழைய வேண்டும். பின்னால் நூறு பேர் தள்ளும்போது டார்பிடோ எங்கே, படுக்கை எங்கே என்று பார்க்கவே முடியாது. திங்களன்று விடுமுறை.

செருப்பு

ஒரு முறை எனக்கு முன்னால் போன அம்மாவின் செருப்பு, கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் பாலமான கேங்வேயிலிருந்து நழுவி, கப்பலுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் விழுந்தது. அங்கே விழுந்தது திரும்பி வராது. மிச்ச நேரம் முழுக்க அந்த அம்மா வெயிலில் காய்ந்த இரும்புத் தளத்தில் ஒற்றைக் காலில் தாவினார். ஷூ போடுங்கள்.

ஏணியில் முன்பக்கமாக இறங்குவது

கப்பலின் உள் ஏணிகள் வீட்டு மாடிப்படி மாதிரி இருக்காது. கிட்டத்தட்டச் செங்குத்து. படியைப் பார்த்தபடி, முதுகு வெளியே இருக்க, இரண்டு கையாலும் பிடித்து இறங்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தபடி இறங்கியவர் நெற்றியில் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். கதவுகளுக்கு முழங்கால் உயரத்தில் ஓர் இரும்பு விளிம்பு இருக்கும். அதை மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். கதவு மூடும்போது ரப்பர் பட்டை அழுந்துவது அந்த விளிம்பில்தான். அது நசுங்கினால் தண்ணீர் கசியும். வாசற்படியை மிதிக்காதே என்று பாட்டி திட்டியது இங்கே நிஜமாகவே உதவும்.

சல்யூட் அடிப்பது

தேவையில்லை. மாலையில் கொடி இறக்கும்போது பேச்சை நிறுத்தி நேராக நின்றால் போதும்.

ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பது

சொல்ல மாட்டார்கள். நீங்களும் கேட்டுக்கொண்டே இருந்தால் வரிசை நகராது. நான் ஒரு முறை சமையலறைப் பக்கம் நின்ற தமிழ்ப் பையனிடம், “தம்பி, சாப்பாடு எப்படி?” என்றுதான் கேட்டேன். அவ்வளவுதான், ஊர் ராமநாதபுரம் என்பதிலிருந்து ஆரம்பித்துவிட்டான். மேசை ஓரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கப்பல் சாயும்போது தட்டு வழுக்கி மடியில் விழாமல் இருக்க அது. “அதையும் தாண்டி சாம்பார் வரும் சார். அன்னைக்கு எல்லாரும் ரொட்டிதான்” என்றான்.

ட்ரோன்

பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

வெடிச்சத்தம் நின்றதும் கிளம்புவது

பீச் ரோட்டில் அன்று வண்டி விட மாட்டார்கள். எப்படியும் அரை மணி நேரம் நெரிசலில்தான் நிற்கப்போகிறீர்கள். அந்த நேரம் மணலிலேயே நில்லுங்கள். இருட்டியதும் நங்கூரமிட்ட கப்பல்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போடும். முதலில் பாய்மரம் மாதிரி ஒரு கோடு, அப்புறம் முழுக் கப்பலும் புள்ளி புள்ளியாக. முதல் மூன்று ஆண்டுகள் ஆட்டோவில் இடம் பிடிக்க ஓடியதில் எனக்கு இது தெரியவே தெரியாது.