புகைத்தல் உங்கள் கைகால் ஒருங்கிசைவைக் குறைத்திருக்கிறதா என்று அறிவது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாலையில் கரப்பந்தாட்டத் திடலுக்கு வரும் இளைஞர்களிடம் கேட்டால், புகைப்பவனுக்கு மூச்சு வாங்கும் என்பதை உடனே சொல்வார்கள். கண்ணும் கையும் காலும் இசைந்து இயங்கும் திறனையும் அது பாதிக்கிறது என்பதைச் சொல்பவர் குறைவு.

புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, மூளைக்கும் தசைகளுக்கும் செல்லும் ஒட்சிசனைக் குறைக்கிறது. அப்படி ஒட்டிய காபனோரொட்சைட்டில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 4 முதல் 5 மணித்தியாலங்கள் செல்லும் என்பதால், திடலுக்குப் புறப்படும்போது புகைத்த ஒரு சிகரெட்டின் எச்சம் ஆட்டம் முடிந்த பின்னும் குருதியில் இருக்கும். நிக்கொட்டின் நாடித்துடிப்பைக் கூட்டுவதோடு விரல்களில் மெல்லிய நடுக்கத்தையும் உண்டாக்குகிறது.

இந்தப் பாதிப்பை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஏற்கெனவே புகைப்பவர்கள் மட்டும் பின்வரும் சோதனையைச் செய்யுங்கள். சோதனைக்கென்று எவரும் புகைக்க வேண்டாம். காலையில், தேநீர் குடிக்குமுன், வேலைக்கு இறங்குமுன் செய்யுங்கள். பசளை மூடை தூக்கிய கையும் நடுங்கும், சாயத்தண்ணி குடித்த கையும் நடுங்கும். முதலில் அமர்ந்தபடி ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணிக் குறியுங்கள். பிறகு கையை முன்னே நீட்டி, விரித்த விரல்களின்மேல் கொப்பித்தாள் ஒன்றை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் தாளின் ஓரத்தில் தெரியும். அடுத்து, நண்பர் ஒருவர் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விட, அதன் கீழ்முனையருகே காத்திருக்கும் விரல்களால் பற்றுங்கள். 20 சென்ரிமீற்றரில் பற்றினால் நீங்கள் எடுத்த நேரம் ஏறத்தாழ 0.2 செக்கன். பல தடவை செய்து சராசரியைக் குறியுங்கள். கடைசியாக ஒற்றைக்காலில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று பாருங்கள். சிறுவயதில் போரில் தலையிலோ காலிலோ காயப்பட்டவர்களுக்கும், உடலில் எறிகணைத் துண்டு உள்ளவர்களுக்கும் இந்தக் கடைசிச் சோதனை பொருந்தாது. தள்ளாட்டம் இருந்தால் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

இனிப் புகைத்தலை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை அதே நேரத்தில் அளந்து வாருங்கள். பலர் வழுக்கும் இடம் முதல் வாரம்தான். அந்நாட்களில் கவனம் சிதறும், எரிச்சல் வரும், அடிமட்டம் முன்னைவிடத் தாமதமாகக்கூடக் கையில் சிக்கலாம். "ஒன்று இழுத்தால்தான் கை நிதானப்படும்" என்ற நம்பிக்கை இதிலிருந்தே பிறக்கிறது. உண்மையில், நிக்கொட்டின் கிடைக்காத உடலின் தவிப்பு அடுத்த பீடியால் சற்று அடங்குகிறது, அவ்வளவே. இத்தவிப்பு முதல் சில நாட்களில் உச்சமாகி, பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணியும். ஆகவே நான்காம் வாரத்து அளவையே முதலாவதோடு ஒப்பிடுங்கள். நுரையீரலின் செயற்றிறன் மேம்பட 2 வாரம் முதல் 3 மாதம் வரை செல்லும் என்பதால், ஓடும் திறனையும் அளக்க விரும்பினால் அதன்பின் அளப்பதே நியாயம்.

தனியே நிறுத்த இயலாதவர்கள் 1948 என்ற தேசிய இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். கழகங்களை நடத்தும் அண்ணன்மார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: 2006ஆம் ஆண்டின் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட் விற்பது குற்றம். திடலோரக் கடைக்காரரிடம் இதை நேரே சென்று சொல்லுங்கள்.