மாயா கல்வெட்டை வாசிக்கத் தொடங்குவது எப்படி? ஒரே ஒரு கல் போதும்

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த மாயா மக்களின் எழுத்து என்றதும் பலர் எடுத்த எடுப்பில் பல்சக்கரம் மாதிரி நாட்காட்டிப் படத்தைப் போட்டு ஆளை மிரட்டிவிடுகிறார்கள். நாம் அந்தப் பக்கமே போக வேண்டாம். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், உசுமசிந்தா ஆற்றங்கரையில் யாஷ்சிலான் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அங்கே 1ஆம் எண் கட்டடத்தின் வாசலுக்கு மேல் பொருத்திய உத்தரக்கல் ஒன்றுக்கு ஆய்வாளர்கள் கொடுத்த எண் 8. எழுத்து குறைவு, படம் பெரிது. புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல கல் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அதன் கோட்டோவியத்தைத் தேடி எடுங்கள். ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகம் மாயா கல்வெட்டுகளின் கோட்டோவியங்களைத் தொகுத்து இணையத்திலும் வைத்திருக்கிறது. புகைப்படம் வேண்டாம், வெளிச்சம் நேராக விழுந்தால் கல்லில் பாதி கோடு காணாமல் போய்விடும். ஒரு தாள், பென்சில், ரப்பர். அவ்வளவுதான்.

படி 1: எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள்

இரண்டு வீரர்கள், அவர்களிடம் சிக்கிய இரண்டு பேர். வலப்பக்கம் நிற்பவர்தான் அரசர். இப்போது கைதிகளின் தொடையைக் கவனியுங்கள். அங்கே சின்னதாக எழுத்து செதுக்கியிருக்கும். அது பச்சை குத்தியது இல்லை, பெயர்ச்சீட்டு. அரசரிடம் சிக்கியவரின் தொடையில் இருப்பது மணி கோத்த மாதிரி புள்ளிகள் சூழ்ந்த ஒரு மண்டை ஓடு. அதை அப்படியே தாளில் வரைந்துகொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 2: எந்தப் பக்கமிருந்து வாசிப்பது?

எழுத்துகளுக்குள் வரும் மனித முகமும் விலங்கு முகமும் பெரும்பாலும் இடப்பக்கம் பார்க்கும். அவை எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அங்கிருந்துதான் வாசிப்பு தொடங்கும். நீளமான கல்வெட்டுகளில் இரண்டிரண்டு பத்தியாகச் சேர்த்து வாசிக்க வேண்டும். முதல் வரியில் இடம், வலம், பிறகு கீழே இறங்கி மறுபடி இடம், வலம். நம் கல்லில் அந்தத் தொல்லை இல்லை. இட மேல் மூலையில் தொடங்கினால் போதும்.

படி 3: எண்கள்

புள்ளி என்றால் 1, கோடு என்றால் 5. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. முதல் கட்டத்தில் ஒரு கோடும் இரண்டு புள்ளிகளும் இருக்கும். 7. அடுத்ததில் இரண்டு கோடும் நான்கு புள்ளியும். 14.

இங்கேதான் எல்லோரும் விழும் குழி. நானும் விழுந்தேன். ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ மட்டும் வந்தால் இடம் காலியாகத் தெரியும். அது சிற்பிக்குப் பிடிக்காது. அதனால் பிறை மாதிரியோ பெருக்கல் குறி மாதிரியோ ஒரு அலங்காரத்தை அங்கே செருகிவிடுவார். அதையும் எண்ணி 7-ஐ 8 என்று எழுதிக்கொண்டு, ஒரு முழு மாலை கணக்கு ஏன் உதைக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். உருண்டையாக இருப்பதை மட்டும் எண்ணுங்கள்.

7-க்குப் பக்கத்தில் இருப்பது இமிஷ் என்ற நாள். நாளெழுத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், கீழே மூன்று கால் போலச் சுருள்கள். 14-க்குப் பக்கத்தில் செக் என்ற மாதம். 7 இமிஷ் போன்ற நாள்கள் 260 நாள் சுற்றிலும், 14 செக் போன்ற மாதத் தேதிகள் 365 நாள் சுற்றிலும் சேர்ந்து ஓடுவதால், '7 இமிஷ் 14 செக்' என்ற ஜோடி 52 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். இந்த அரசரின் காலத்தோடு பொருத்தினால் அது மாயா நெடுங்கணக்கில் (ஒரு தொடக்க நாளிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே வரும் கணக்கு) 9.16.4.1.1, நம் கணக்கில் கி.பி. 755 மே மாதம்.

படி 4: ஒலிகள்

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் சுலபம். மாயா எழுத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழுச் சொல்லையும் ஒரே படத்தில் சொல்லும். இன்னொன்று நம் உயிர்மெய் மாதிரி: க, கி, கு என்று மெய்யும் உயிரும் சேர்ந்த ஓரெழுத்து. ஆனால் மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. கேடயத்துக்கு மாயா சொல் பக்கல். அதை ஒரு கேடயம் வரைந்தும் எழுதலாம், ப-க-ல என்று மூன்று எழுத்தாகவும் எழுதலாம். கடைசி 'ல'வின் உயிரை விழுங்கிவிட வேண்டும். பாலெங்கே நகரை 615 முதல் 683 வரை ஆண்ட பக்கலின் பெயரை இரண்டு விதமாகவும் செதுக்கியிருக்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டில் டியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா நூல்களைக் குவித்து எரித்தவர். அவரேதான் ஒரு மாயா எழுத்தரை உட்காரவைத்து ஸ்பானிய எழுத்துகளுக்கு ஈடான குறிகளைக் கேட்டு எழுதி வாங்கினார். இவர் 'பே' என்று எழுத்தின் பெயரைச் சொல்ல, அவர் 'பே' என்ற அசையை எழுதிக் கொடுத்தார். 'இதென்ன உளறல்' என்று நூற்றாண்டுகளாகத் தள்ளிவைத்த அந்தப் பட்டியல் அகரவரிசை இல்லை, அசைவரிசை என்பதை 1952-ல் சோவியத் ரஷ்யாவின் யூரி க்னோரசோவ் எடுத்துக்காட்டினார். அன்று இத்துறையின் பெரிய தலையாக இருந்த எரிக் தாம்சன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

படி 5: வினைச்சொல்

தேதிக்கு அடுத்த கட்டம்: சு-க-ஹ. சு-வை 'அச்சு' என்பதில் வரும் 'சு' போலச் சொல்லுங்கள். கடைசி உயிரை விழுங்கினால் சுக்கஹ். பொருள், 'பிடிபட்டார்'.

மாயா வாக்கியத்தில் தேதி முதலில், வினை அடுத்து, ஆள் அதற்குப் பிறகு. 'பிடிபட்டார்' என்று சொல்லிவிட்டுத்தான் யார் என்று சொல்வார்கள். இப்போது அடுத்த கட்டத்தைப் பாருங்கள். தாளில் வரைந்து வைத்தீர்களே, அந்த மணி கோத்த மண்டை ஓடு! தொடையில் இருந்த அதே பெயர். முதல்முறை இது பிடிபட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

தொடர்ந்து உ பாக், 'அவருடைய கைதி'. எவருடைய? அடுத்து வருவது அரசர் பெயர், யஷூன் பலம். ஆக, '7 இமிஷ் 14 செக் அன்று மணிமண்டை பிடிபட்டார். அவர் யஷூன் பலமின் கைதி.' ஒரு மாயா வாக்கியத்தை வாசித்துவிட்டீர்கள்.

மற்ற கல்வெட்டுகளுக்குப் போகும்போது இன்னும் இரண்டு வினைகளைக் கையில் வைத்திருங்கள். அண்ணாந்து பார்க்கும் தவளைத் தலை என்றால் பிறப்பு. துணியால் கட்டிய தலை, பல்வலிக்காரர் மாதிரி இருக்கும், அது அரியணை ஏறியது. 1960-ல் தத்தியானா புரோஸ்கூரியகோஃப் பியெத்ராஸ் நெக்ராஸ் நகரின் நெடுங்கற்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தொகுதியின் தேதிகளும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கின. கல்லில் இருப்பது வானியலும் பூசாரிகளும் மட்டுமே என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. அந்தத் தவளையையும் பல்வலியையும் வைத்துத்தான் அவர் அரசர்களைக் கண்டுபிடித்தார்.

படி 6: பட்டம்

அரசர் பெயருக்குப் பின்னால் ஒரு கட்டம் வரும். இடப்பக்கம் துளித்துளியாகச் சொட்டும் புள்ளிகள்: குஹுல், 'புனித'. மேலே அஹாவ், 'அரசர்'. நடுவில் அந்த நகரின் குறி. யாஷ்சிலானுக்கு இரண்டு குறி உண்டு, அவற்றில் ஒன்று நடுவே பிளந்த வானம். இந்த அமைப்பை 1958-ல் இனம் கண்டவர் ஹைன்ரிச் பெர்லின்.

யஷூன் பலம் இதோடு நிறுத்தவில்லை. 'இன்னாரைப் பிடித்தவர்', 'இருபது கைதிகளை உடையவர்' என்று பட்டங்களை அடுக்கிக்கொண்டே போவார். மாயா அரசருக்குக் கைதி என்பவர் வெறும் போர்ப்பலன் இல்லை, பெயரோடு ஒட்டிக்கொள்ளும் விருது.

படி 7: சந்தேகப்படுங்கள்

இவருடைய அப்பா இட்ஸம்னாஹ் பலம் 742-ல் இறந்தார். இவர் அரியணை ஏறியது 752-ல். நடுவில் பத்து ஆண்டு யார் ஆண்டார்கள்? யாஷ்சிலான் கற்கள் வாயே திறக்கவில்லை. ஆனால் பக்கத்து நகரமான பியெத்ராஸ் நெக்ராஸின் 3ஆம் பலகை, 749-ல் அங்கே நடந்த விழாவுக்கு வந்த யாஷ்சிலான்காரர் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: யொபாட் பலம். இடையில் ஆண்டவர் இவராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கணிப்பு. யஷூன் பலம் இவ்வளவு கல்லைச் செதுக்கித் தள்ளியதற்குக் காரணம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. உரிமை கெட்டியாக இருப்பவர் இவ்வளவு சத்தம் போட மாட்டார்.

தோற்ற பக்கமும் இப்படித்தான். 738-ல் கோபான் நகரின் 13ஆம் அரசரை, அதுவரை அவருக்குக் கீழிருந்த சின்ன நகரமான கிரிகுவாவின் அரசர் பிடித்துத் தலையை வெட்டினார். கிரிகுவா கற்களில் 'வெட்டப்பட்டார்' என்று சொல்லும் கோடரி வினை திரும்பத் திரும்ப வருகிறது. கோபான் படிக்கட்டுக் கல்வெட்டோ, அவர் கல்லீட்டியோடும் கேடயத்தோடும் மாண்டார் என்று வீரமரணமாக எழுதிக்கொள்கிறது. தேதியில் சண்டை இல்லை, வினையில்தான்.

வீட்டுப்பாடம்: அதே யாஷ்சிலானின் 24ஆம் உத்தரக்கல், இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பா இட்ஸம்னாஹ் பலம் தீப்பந்தம் பிடித்து நிற்க, ராணி கபல் ஷோக் முள் கோத்த கயிற்றை நாக்கின் வழியே இழுக்கிறார். ஆண்டு 709. தேதியை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு துப்பு தருகிறேன்: அந்தத் தேதியின் இரண்டு எண்களிலும் ஒரு புள்ளிகூடக் கிடையாது. தேதியைப் பிடித்தபின் அரசரின் பட்ட வரிசைக்கு வாருங்கள். அங்கேயும் ஒரு கைதியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.