புது வோக்கில் சமைக்கிறீர்களா? முதலில் ஈரத்தைக் கவனியுங்கள்

வீட்டில் வோக், அதாவது சீனச் சமையலுக்கான வாய் அகன்ற இரும்புச் சட்டி, வாங்கிச் சமைக்கத் தொடங்கும் பலரும் சொல்கிற குறை ஏறக்குறைய ஒன்றுதான். ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வருகிற அந்த வாசம் வரவில்லை, காய் வதங்காமல் அவிந்துபோகிறது, சோறு அடியில் பிடிக்கிறது. நம் அடுப்புக்கு இது சரிப்படாது என்று முடிவுகட்டி, சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். தீ குறைவு என்பது உண்மைதான். நம் நெல்லையில் வண்ணார்பேட்டையிலோ பாளை பஸ் ஸ்டாண்ட் பக்கமோ சாயங்காலம் கடை போடுகிறவர்களின் பர்னர் நம் வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு வேகத்தில் எரியும். ஆனால் வீட்டுச் சமையலை அதிகம் கெடுப்பது தண்ணீர். சட்டியில் தண்ணீர் கிடக்கும்வரை அதில் கிடக்கும் காயோ கறியோ 100 டிகிரியைத் தாண்டாது, அவை மேலே சிவந்து மணம் எழும்ப 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தீயை நம்மால் கூட்ட முடியாது, தண்ணீரைக் குறைக்க முடியும். சட்டியைப் பழக்குவதிலிருந்து துருப் பிடிக்காமல் வைத்துக்கொள்வதுவரை எல்லாவற்றையும் இதை வைத்தே சொல்கிறேன்.

என்ன சட்டி வாங்கலாம்? கார்பன் ஸ்டீல் தகட்டில் செய்தது, ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம். அதைவிட மெலிந்தால் ஒரே இடத்தில் கருகும், ரொம்பத் தடித்தால் கையில் தூக்க முடியாது. நான்ஸ்டிக் பூச்சு போட்டதை வோக் என்று விற்கிறார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள், இந்தச் சமையலுக்கு வேண்டிய சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுப்போகும். பெரிய ஊர்க் கடைக்கோ ஆன்லைனுக்கோதான் போக வேண்டும் என்றும் இல்லை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளில் இருக்கும் பாத்திரக் கடைகளில் வாய் அகன்று, பக்கம் சரிந்து இருக்கிற தகட்டு இருப்புச்சட்டி கிடைத்தால் அதிலேயே இதையெல்லாம் செய்யலாம். “அண்ணாச்சி, இது தகடா, வார்ப்பா?” என்று கேட்டு வாங்குங்கள். வார்ப்பு சூடேற நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். வோக் சமையலில் சூடு நாம் சொன்னபடி சட்டென்று ஏறி இறங்க வேண்டும்.

அளவு பற்றி நிறையப் பேர் 14 இஞ்ச் என்று சொல்வார்கள். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கும், நம் கேஸ் அடுப்பின் சின்ன பர்னருக்கும் 12 அல்லது 13 போதும் என்பது என் எண்ணம், அதற்குமேல் போனால் நடுவில் மட்டும் சுட்டு ஓரமெல்லாம் ஆறியே கிடக்கும். அடி உருண்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம், நம் அடுப்புத் தாங்கியில் உருண்டைச் சட்டி நன்றாகவே உட்காரும். இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்களுக்குத் தட்டையடிதான். கைப்பிடியில் இரண்டு வகை உண்டு: காண்டனீஸ் சமையல்காரர்கள் பிடிக்கிற இரண்டு காது வைத்தது, வடசீனப் பழக்கத்தில் வந்த ஒற்றை நீளக் கைப்பிடி. வீட்டுக்கு நீளக் கைப்பிடி வசதி. பிளாஸ்டிக் பிடி மட்டும் கூடாது.

இனிச் சட்டியைப் பழக்க வேண்டும். புதுச் சட்டியில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெயோ மெழுகோ வார்னிஷ் மாதிரி ஒன்றோ தடவித்தான் அனுப்புவார்கள். வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுக் கம்பி நாரால் உள்ளும் புறமும் அழுத்தித் தேயுங்கள். சோப்பு போட்டுக் கம்பி நாரால் இப்படிச் சுரண்டுவது இந்த ஒரு தடவைதான். வீட்டில் ஆச்சி இருந்தால், “வடிகஞ்சி ஊத்தி மூணு நாள் வையி, அப்புறம் அடுப்புல ஏத்து” என்பார்கள். வார்ப்புத் தோசைக்கல்லுக்கு அந்த முறை காலங்காலமாக நடந்துவருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மெல்லிய தகட்டில் மூன்று நாள் ஈரம் நின்றால் துருதான் மிஞ்சும். கழுவினதும் துடைத்து நேரே அடுப்பில் வையுங்கள்.

வெறும் சட்டியை முழுத் தீயில் காய விட வேண்டும். புகையும் நாற்றமும் வரும் என்பதால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். புறவாசலில் விறகடுப்பு இருந்தால் அதைவிட நல்லது, தென்னை மட்டைத் தீயில் அடி முழுக்க ஒரே சீராகச் சூடேறும். கண்ணாடி மேல்தளம் உள்ள அடுப்பில் இதைச் செய்யாமல் இருப்பதே மேல், அகன்ற வெறும் சட்டியின் சூடு கீழே கண்ணாடியில் திரும்பி அடிக்கும். கைப்பிடி மரமாக இருந்தால் கழற்றிவிடுங்கள், கழற்ற முடியாவிட்டால் ஈரத்துணி சுற்றுங்கள். 220 டிகிரி வாக்கில் வெள்ளித் தகடு வைக்கோல் நிறமாகும், அப்புறம் பழுப்பு, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். அந்த நீலம் படர்வதைப் பார்த்தால் சட்டி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். இரும்பின் மேல் ஆக்ஸைடு படிகிறது, அவ்வளவுதான், அதுதான் நமக்கு வேண்டியது. சட்டியைச் சாய்த்துச் சாய்த்து ஓரம்வரை நீலத்தைக் கொண்டுபோங்கள்.

அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆற விட்டு, பழைய பருத்தித் துணியில் எண்ணெய் தொட்டு உள்ளே தடவுங்கள். தடவினதை இன்னொரு காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிட வேண்டும், இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய படலம் மட்டும் நிற்க வேண்டும். அது சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக் கறுப்பாகும். எண்ணெய் கூடிப்போனால் இறுகாமல் பிசுபிசு என்று நிற்கும், அதில்தான் பிறகு எல்லாம் ஒட்டும். மறுபடி அடுப்பில் வைத்துப் புகை அடங்கும்வரை காய்ச்சி ஆற விடுங்கள். மூன்று நான்கு முறை இதையே திருப்பிச் செய்தால் போதும். எண்ணெய் எது? ரீஃபைண்ட் கடலை எண்ணெய். செக்கு நல்லெண்ணெய் நமக்கு எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும் இங்கே வேண்டாம், சீக்கிரம் புகைந்துவிடும்.

அதன்பிறகு சட்டியில் முதலில் வதக்குவது சாப்பிடுவதற்கு இல்லை. சீனாவில் இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு வதக்குவார்கள், நாம் பல்லாரி என்கிற பெரிய வெங்காயத்தின் தோல், இஞ்சித் தோல், கறிவேப்பிலைக் காம்பு எதையும் போடலாம், எண்ணெய் விட்டுப் பத்து நிமிஷம் சட்டியின் பக்கமெல்லாம் படும்படி புரட்டி, கருகியதும் கொட்டிவிடுங்கள். இரும்பு வாசனை போய்விடும். முதல் சில வாரம் அப்பளம், வத்தல், வடை என்று பொரிக்கிற வேலையெல்லாம் இதில் செய்யுங்கள், படலம் தானாக ஏறும். புளிக்குழம்பு, தக்காளி, எலுமிச்சை பிழிகிற சொதி இதெல்லாம் இதில் கூடவே கூடாது. புளிப்பு பட்டால் அந்தப் படலம் கரைந்து, குழம்பும் கறுத்துவிடும்.

சமையலுக்கு வருவோம். வெறும் சட்டியைக் காய விடுங்கள், எண்ணெய் பிறகு. காய்ந்ததா என்று பார்க்க விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். கொதித்துச் சட்டென்று வற்றினால் இன்னும் சூடு பத்தாது, மணி மாதிரி திரண்டு உருண்டு ஓடினால் சரி. அந்தத் தண்ணீர் முழுக்கப் போன பிறகு எண்ணெய் விட்டுச் சட்டியைச் சுழற்றி ஓரம்வரை காட்டி, உடனே போட வேண்டியதைப் போடுங்கள். இந்த வரிசையில் செய்தால் ஒட்டுவது பெருமளவு குறையும். முதலில் ஒரு முட்டையை ஊற்றிப் பழகுங்கள்: விளிம்பு பொரிந்து, சட்டுவத்தை உள்ளே விட்டதும் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

காயில் தொடங்க வெண்டைக்காய்தான் நல்ல பாடம். முந்தைய நாள் ராத்திரியே கழுவித் துடைத்துத் தாம்பாளத்தில் பரப்பி வையுங்கள், காலையில் நறுக்கும்போது கத்தியும் பலகையும்கூடக் காய்ந்திருக்க வேண்டும். கால் கிலோவுக்குமேல் ஒரே தடவையில் போடாதீர்கள். வோக்கில் நம்மவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான், பெரிய சட்டியைப் பார்த்ததும் வீட்டுக்கே சேர்த்து ஒரு கிலோவையும் கொட்டிவிடுகிறோம், குளிர்ந்த காய் சட்டியின் சூட்டை ஒரு நொடியில் இழுத்துக்கொள்கிறது, காய் நீர் விடுகிறது, வீட்டு அடுப்பால் அந்த நீரை வற்றவைக்க முடியாமல் வெண்டைக்காய் கொழகொழத்துப்போகிறது. இரண்டு மூன்று ஈடாகப் போடுங்கள். ஒரு ஈடு எடுத்ததும் அடுத்ததற்கு முன் சட்டி மறுபடி காய்ந்தாக வேண்டும். உப்பு கடைசியில்தான், முதலிலேயே போட்டால் அது காயிலிருந்து தண்ணீரை இழுக்கும். மூடி போடவே கூடாது. சீனி அவரைக்காய் (கொத்தவரங்காய்) மாதிரி வேக நேரம் எடுக்கிற காயை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக எடுத்து, வடித்து, துணியில் ஆறப் போட்டு, அப்புறம் வோக்கில் காட்டுங்கள். மிளகாய் வத்தலைத் தீயைக் குறைத்துக் கடைசி நேரத்தில் சேர்த்தால் வீடு முழுக்கக் கமறாது.

தூக்கிப் போட்டுப் பிடிக்கிற வித்தையை விட்டுவிடுங்கள். கடைத் தீ சட்டியின் பக்கமெல்லாம் ஏறி வருவதால் அவர்கள் தூக்கினாலும் சூடு நிற்கும், நாம் தூக்கினால் சட்டி ஆறும். அடுப்பிலேயே வைத்துச் சட்டுவத்தால் அடியிலிருந்து அள்ளிப் புரட்டினால் போதும், அதையும் இடைவிடாமல் செய்ய வேண்டாம், அரை நிமிஷம் பேசாமல் விட்டால்தான் காய் சிவக்கும்.

ஃப்ரைடு ரைஸுக்கு எல்லாமே சோற்றைப் பொறுத்தது. அம்பை 16 மாதிரி குட்டையான தடித்த அரிசி கஞ்சிக்கும் இட்லிக்கும் அருமை, இதற்கு ஒத்துவராது. பொன்னி, சீரகச் சம்பா, பாஸ்மதி ஏதாவது எடுங்கள், பழைய அரிசியாக இருக்கட்டும். பிசானப் பருவ அறுவடை முடிந்து வருகிற புது அரிசி எந்த ரகமாக இருந்தாலும் குழையும். குக்கரில் வைக்காமல் நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நடுவில் லேசாக விறைப்பு இருக்கும்போதே வடித்துவிடுங்கள். வடித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைத்தால் ஆவி போகும், ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு வெளியே ராத்திரி முழுக்க வைக்கக் கூடாது. வெந்த சோற்றில் வளரும் கிருமி விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எடுத்ததும் கையாலேயே கட்டியை உதிர்த்துவிடுங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு ஈடு. முட்டையைக் கலக்கி ஊற்றிப் பாதி வெந்ததும் எடுத்து வையுங்கள். மறுபடி சட்டி காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நறுக்கிய பூடு, பத்து நொடியில் காய், காய் நிறம் மாறியதும் சோறு. சோற்றைச் சட்டியின் பக்கவாட்டில் பரப்பி அழுத்தி விட்டு, பருக்கை படபட என்று தெறிக்கும் சத்தம் கேட்டதும் புரட்டுங்கள். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டிக்குமேல் வேண்டாம், அதையும் சோற்றின் மேல் ஊற்றாமல் சூடான சட்டியின் விளிம்பில் ஊற்றுங்கள், அங்கேயே சீறிக் கருகி இறங்கும்போதுதான் அந்தக் கடை வாசத்தில் ஒரு பங்கு கிடைக்கும். முட்டை, உப்பு, மிளகுத்தூள் போட்டு இறக்குங்கள். சீனர்கள் கடைசியில் சொட்டுகிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிற நம் நல்லெண்ணெயின் மணம் வேறு, எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் அதே ருசியை எதிர்பார்க்காதீர்கள்.

கோழி என்றால் எலும்பில்லாத கறி கால் கிலோ. மெல்லிய துண்டாக்கித் துணியால் ஒற்றி, ஒரு தேக்கரண்டி கார்ன்ஃபிளவர், ஒரு முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் சோயா, கொஞ்சம் எண்ணெய் பிசைந்து இருபது நிமிஷம் வையுங்கள். மாவுப் பூச்சு கறியில் உள்ள நீரை உள்ளேயே நிறுத்தும், கறி பஞ்சு போல இருக்கும், சட்டியும் நனையாது. ஒரு துண்டின் மேல் இன்னொன்று படாமல் பரப்பி ஒரு நிமிஷம் தொடாமல் விட்டுப் புரட்டி, முக்கால் பதம் வெந்ததும் எடுத்துவிட்டு, பல்லாரியும் குடைமிளகாயும் கறிவேப்பிலையும் தனியாக வதக்கி, கறியைத் திரும்பச் சேர்த்து முழுக்க வேகவிடுங்கள். அப்போதே இடித்த மிளகைத் தாராளமாகப் போடலாம்.

சமைத்ததும் சட்டி சூடாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேயுங்கள். ஊறப் போடாதீர்கள். துடைத்து அடுப்பில் வைத்து இரண்டு நிமிஷம் காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். தென்காசி பக்கம் சாரல் காலத்திலும், மற்ற இடங்களில் ஐப்பசி கார்த்திகை மழையிலும், சும்மா தொங்கவிட்டிருந்தாலே துருப் படரும், அந்த மாதங்களில் எண்ணெய் தடவிப் பழைய பேப்பரில் சுற்றி வைப்பது நல்லது. துருப் பிடித்துவிட்டால் சட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. புளியும் கல்லுப்பும் வைத்துத் துரு உள்ள இடத்தை மட்டும் தேய்த்துக் கழுவி, காயவைத்து, முன்பு சொன்ன மாதிரி மெல்லிய எண்ணெய் இரண்டு தடவை ஏற்றினால் மறுநாளே அதில் சமைக்கலாம்.